ஆமென்னுக்கு அப்புறம்

உட்காரு பிள்ள. நாற்காலியில கிடக்கிற துணிய அந்தப் பக்கம் தள்ளிட்டு உட்காரு. ஃபேன் மெதுவாத்தான் சுத்தும், அதுக்கும் என்னை மாதிரி வயசாச்சு. உன் பேரு ஹெப்சியா? நல்ல பேரு. கதவைத் திறந்ததும் தாப்பாளப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். உங்கப்பா ஆசீரே பொம்பளையாப் பிறந்து வந்து நிக்கானோன்னு. அதே மூக்கு, அதே புருவம்.

நீ வந்தது எனக்குச் சந்தோஷம்தான். பெட்டியப் பாக்கணுங்கிற, தாராளமாப் பாரு. அந்த மேஜை மேல, பூப்போட்ட துணி மூடியிருக்கு பாரு, அதான். வாரம் ஒருக்கா தூசி தட்டி வைக்கிறேன். ஆனா ஒண்ணு சொல்லிடுறேன், உங்கப்பாவ மேல வரச் சொல்லாத. கீழ காரிலேயே இருக்கட்டும். சிங்கப்பூரிலேருந்து வந்திருக்கான், உடம்பு முன்ன மாதிரி இல்ல, ஒரே ஒரு தடவ அந்தப் பெட்டியத் தொட்டுப் பாக்கணும்னு ஆசைப்படுறான்னு சொன்ன. எல்லாம் சரி. ஆனா இந்த வாசப்படிய அவன் மிதிக்கக் கூடாதுன்னு நான் ஆண்டவர் சமுகத்துல சொன்னவ. சொன்ன சொல்ல மாத்த முடியாது.

எனக்கு யார் மேலயும் கசப்பு கிடையாது பிள்ள. கசப்பு வச்சிருந்தா ஜெபம் ஏறாது. தினமும் உங்கப்பா பேரச் சொல்லி ஜெபிக்கிறேன், நீ நம்பினாலும் சரி நம்பாட்டாலும் சரி.

அவன இவன்னு சொல்றேன்னு நினைக்காத. பெத்த பிள்ளைகிட்டயே அப்படிச் சொல்லக் கூடாதுதான். வாயில வேற வரமாட்டேங்குது. என் கூடப்பிறக்காத கொழுந்தன் அவன். எங்க வீட்டுக்காரங்க ஞானதுரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல மெக்கானிக். இவன் சபையில கீபோர்டு வாசிக்கிற பையன். நாகர்கோவில் பக்கத்துலேருந்து மெட்ராசுக்கு வந்து, ரெக்கார்டிங்குக்குப் போய் வந்துட்டு இருந்தான். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சா நேரா எங்க வீடு. "மதினி, என்ன குழம்பு?"ன்னு செருப்பைக் கழட்டும்போதே கேப்பான். "உனக்குக் குழம்பு எதுக்குடா, ஒரு கல்யாணத்தப் பண்ணிக்கோ"ன்னா, "நீங்க பொண்ணு பாக்குற வரைக்கும் உங்க குழம்புதான் எனக்கு"ன்னு சொல்லி மூணாவது தடவையும் சோறு போட்டுக்குவான். என் பிள்ளைங்க ஜோயலும் பெனிட்டாவும் சித்தப்பா சித்தப்பான்னு அவன் முதுகுலதான் தொங்கும். அப்படிப்பட்டவன். அதனாலதான் வலிக்குது. வேத்து ஆள் செஞ்சிருந்தா எப்பவோ மறந்திருப்பேன்.

காப்பி குடிக்கியா? பாலு இல்ல, கடுங்காப்பிதான். இரு, போட்டுட்டே சொல்றேன். அடுப்பு இங்கதான இருக்கு.

அந்தப் பெட்டிக்கு இங்கிலீசுல சீக்வென்சர்னு பேரு. உனக்குத் தெரிஞ்சிருக்கும், நீயும் மியூசிக் படிச்சவன்னு சொன்னியே. நான் எட்டாம் கிளாசு. எனக்கு அவங்க சொன்ன விதத்துல சொல்றேன். ஆசீரு கீபோர்டுல வாசிப்பான். கீபோர்டுக்கும் பெட்டிக்கும் நடுவுல ஒரு வயரு, அஞ்சு முள்ளு வச்சது, அதுக்குப் பேரு மிடி. இவன் எந்தக் கட்டைய எப்ப அமுக்கினான், அழுத்தி அமுக்கினானா தடவினானா, எப்ப விரல எடுத்தான், எல்லாத்தையும் பெட்டி ஞாபகம் வச்சுக்கும். சத்தத்தப் பிடிச்சு வைக்காது, விரலைத்தான் பிடிச்சு வைக்கும். அப்புறம் இவன் கையக் கட்டிக்கிட்டு நிப்பான், கீபோர்டு தானா வாசிக்கும். வேகமா வேணுமா வேகமா வாசிக்கும், மெதுவா வேணுமா மெதுவா. முதல் தடவ பாத்தப்ப நான் தலையில முக்காடு போட்டுக்கிட்டேன், பயத்துல.

வெளிநாட்டுல இது இருந்துச்சாம். இங்க பெரிய ஸ்டுடியோவுல ஒண்ணு ரெண்டு இருக்கும், அவ்வளவுதான். "நாமளே செஞ்சா என்ன அண்ணே? சின்னச் சின்ன சபை, கிராமத்துப் பள்ளிக்கூடம், எங்கெல்லாம் வாசிக்க ஆள் இல்லையோ அங்கெல்லாம் போகும்ல?"ன்னு இவன்தான் தூண்டிவிட்டான். எங்க வீட்டுக்காரங்களுக்கு வயரப் பாத்தா சோறு வேண்டாம். ரெண்டு பேருமா மொட்டை மாடியில இருந்த ஆஸ்பெஸ்டாஸ் ரூமுல உட்காந்தாங்க. எனக்கு அந்தப் பக்கம் போறதே பயம். தரையெல்லாம் வயரு. ஒருநாள் துணி காயப்போடப் போனவ மிதிச்சு ஷாக் அடிச்சிட்டு. அதுக்கப்புறம் வாசல்லயே நின்னு காப்பியக் கொடுத்துட்டு வந்துடுவேன்.

முதல்ல செஞ்ச பெட்டிக்கு மூடி என்ன தெரியுமா? என் கேக் ட்ரே. கிறிஸ்துமஸ் வருது, பேக்கரியில கொடுக்கணும், ட்ரேயக் காணோம். மேல போயி பாத்தா ஓட்டை போட்டு பட்டன் வச்சிருக்காங்க. "மதினி, கேக்கு ஒருநாள்ல தீந்துடும், இது எத்தன வருஷம் பாடும் பாருங்க"ன்னான். அந்த வருஷம் எங்க வீட்டுல கேக் இல்ல. நானும் சிரிச்சிட்டுத்தான் விட்டேன். பேரும் நான்தான் வச்சேன். சொல்லிக்கொடுத்தத திருப்பிச் சொல்லுதே, அதனால மைனான்னு வச்சேன். ஆசீருக்கு அந்தப் பேரு ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

ஆனா அந்த மைனா படுத்தின பாடு! சூடு ஏறினா வேகம் ஏறிடும். சாவு வீட்டுப் பாட்டு கல்யாணப் பாட்டு மாதிரி ஓடும். அதச் சரி பண்ணினா இன்னொண்ணு, ஆரம்பிச்ச சுரம் நிக்காது. ஒருநாள் குடும்ப ஜெபத்துக்கு முழங்கால் போட்டிருக்கோம், மேலயிருந்து "ம்ம்ம்ம்ம்ம்"னு ஒரே இழுப்பு. வயரப் பிடுங்கினாத்தான் நிக்கும், அந்த நேரம் பாத்து இவங்க ரெண்டு பேரும் டீ குடிக்கப் போயிட்டாங்க. கீழ்வீட்டு சரோஜா வந்து, "லில்லிக்கா, மாடியில மாடு கட்டியிருக்கீங்களா? சினையா?"ன்னு கேக்கா. பட்டன வாங்கினா பட்டன் சரியில்ல, சில்லு வாங்கினா சில்லு வெந்துபோயிடும். ரிச்சி ஸ்ட்ரீட்டுல இவங்க ரெண்டு பேரும் ஏறாத கடை இல்ல. இவங்க லீவு எல்லாம் அதுலயே கரைஞ்சுது.

கடைசியா வந்த பிரச்சினைதான் பெரிய பிரச்சினை. கரண்ட் போனா பெட்டி எல்லாத்தையும் மறந்துடும். பாட்ட மட்டும் இல்ல, எப்படிப் பாடணுங்கிறதையே மறந்துடும். எங்க ஏரியாவுல கரண்ட் எப்ப இருந்துச்சு! அதனால அதுக்குச் சொல்லிக்கொடுத்த மூளை மொத்தத்தையும் ஒரு கேசட்டுல பதிஞ்சு வச்சாங்க. பெட்டிக்கு மீதி எல்லாம் மறந்தாலும் கேசட்டப் படிக்க மட்டும் தெரியும். டேப் ரெக்கார்டருலேருந்து வயர மாட்டி ஓட விட்டா, பெட்டியில சிவப்பு விளக்கு சிமிட்டிக்கிட்டே இருக்கும். "பாருங்கடா, மைனா பாடம் படிக்குது"ன்னு இவங்க பிள்ளைங்களுக்குக் காட்டுவாங்க. நானும் வாசல்ல நின்னு பாத்திருக்கேன். வயரு மாட்டியிருக்கறதால வெளிய ஒரு சத்தமும் கேக்காது, விளக்கு மட்டும் சிமிட்டும். உள்ள என்ன பாட்டு ஓடுதோன்னு நினைச்சுக்குவேன். பாட்டக் கேட்டுத்தான மைனா பாட்டுப் படிக்கும்?

ஏன் சிரிக்க? சரி, சரி. சொல்லி முடிச்சிடுறேன்.

அப்படி ரெண்டு கேசட்டு இருந்துச்சு. ஒண்ணு ஆசீர்கிட்ட, ஒண்ணு எங்க வீட்டுல. ஒண்ணு போனா ஒண்ணு இருக்கட்டும்னு. இதுக்குள்ள கிண்டியில ஒரு கம்பெனி, ஆம்ப்ளிஃபயர் செய்யுறவங்க, பேரு வேண்டாம், அதோட முதலாளி பெட்டியப் பாக்குறேன்னு சொல்லிட்டாரு. பிடிச்சிருந்தா அவரே செஞ்சு விப்பாரு. இவங்க எக்ஸ்சேஞ்சு வேலைய விட்டுட்டு அங்கேயே போயிடலாம். அன்னைக்கு இவங்க முகத்த நீ பாத்திருக்கணும். கல்யாணத்தன்னிக்குக் கூட அப்படி இல்ல.

அந்த வாரம்தான் எல்லாம் நடந்துச்சு. அந்த வாரத்தப் பத்தி ஒண்ணு சொல்லணும். என்னை விசுவாசத்துல நிறுத்தினதே அதுதான்.

பெரம்பூர்ல மைதானத்துல கூட்டம் போட்டிருந்தாங்க. அருமைநாயகம் பிரதர் பேசுறாரு. எனக்குப் பிரசங்கம் பதியுறதுன்னா அவ்வளவு பிரியம். மடியில டேப் ரெக்கார்டர வச்சுக்கிட்டு முதல் வரிசையில உட்காந்துக்குவேன். புதுக் கேசட்டு வாங்குறதில்ல. உங்கப்பா ஸ்டுடியோவுல வீணாப்போன கேசட்ட எல்லாம் எனக்குன்னு கொண்டு வருவான், அந்தப் புண்ணியத்த நான் மறைக்கமாட்டேன். "மதினி, வேஸ்ட்டுக் கேசட்டு, இதுல பரலோகத்தப் பதிஞ்சுக்கோங்க"ன்னு ஷோகேஸ்ல, பிள்ளைங்க வாங்கின கப்புக்குப் பக்கத்துல வச்சுட்டுப் போவான். அது எனக்கும் அவனுக்கும் வழக்கம். அந்தத் தடவையும் ஒண்ணு இருந்துச்சு. முதுகுல ரெண்டு பல்லும் உடைச்சது. பல்ல உடைச்சா மேல பதிய முடியாதுல்ல, அதுக்கு எங்க சபை பொம்பளைங்க எல்லாருக்கும் வைத்தியம் தெரியும், பேப்பர மடிச்சு ஓட்டையில திணிச்சாப் போதும். போட்டுக் கேட்டேன். பாட்டும் இல்ல பேச்சும் இல்ல, கர்ருன்னு கீச்சுன்னு ஒரே இரைச்சல். காது கூசிட்டு. ஐயோ, வேஸ்ட்டுன்னா இப்படியா ஒரு வேஸ்ட்டுன்னு நினைச்சுக்கிட்டே பேப்பரத் திணிச்சேன்.

காப்பி ஆறுது, குடி. எதுக்கு அப்படிப் பாக்க?

அன்னைக்கு பிரதர் என்ன பேசினார்ங்கிற? கூட இருந்து சாப்பிட்டவங்களே குழி பறிக்கிறதப் பத்தி. உன் தட்டுல கை போட்டவன், உன் பிள்ளைங்களத் தூக்கி வளத்தவன், அவனே உன்னக் கவுப்பான், ஆயத்தமா இருன்னு. எனக்கு அன்னைக்கு விளங்கல. யாரப் பத்தி இதுன்னு நினைச்சேன். அடுத்த திங்கக்கிழமை விளங்கிட்டு. நடக்கப்போறத எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்காரு, பிள்ள. அந்தக் கேசட்டு என்கிட்ட இன்னும் இருக்கு. அதுதான் எனக்குச் சாட்சி.

திங்கக்கிழமை ரெண்டு பேரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு பெட்டியத் தூக்கிட்டு கிண்டிக்குப் போனாங்க. நான் உபவாசம். மத்தியானம் ஆட்டோ வந்து நிக்குது. ரெண்டு பேரும் ஓடி வராங்க. என்னன்னா, ஆசீர் கொண்டு போன கேசட்டு மெஷின்ல சிக்கி நார் நாரா வந்துட்டாம். முதலாளி சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கேன்னுட்டாராம். அதுக்கென்ன, வீட்டுல இன்னொண்ணு இருக்கே.

இல்ல.

மாடி ரூமையே தலைகீழாக்கினாங்க. இல்ல. இவங்க கீழ வந்து, "லில்லி, மேல ஒரு கேசட்டு இருந்துச்சே, பாத்தியா?"ன்னாங்க. "நான் எப்பங்க மேல வந்தேன்?"னேன். அப்பத்தான் ஆசீர் சொல்றான், "அண்ணே, மேல இல்ல. வெயில் தாங்காது, டேப்பு உருகிடும்னு போன வாரம் நான் கீழ கொண்டுவந்து வச்சேன். மதினிகிட்ட சொல்லிட்டுத்தானே ஷோகேஸ்ல வச்சேன்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. என்கிட்டயா? அவன் போன வாரம் வந்தது உண்மைதான், இவங்க டியூட்டியில இருந்தப்ப. நான் அப்ப ஜெபத்துல இருந்தேன். ஜெபத்துல கண்ண மூடிட்டா பக்கத்துல வெடி வெடிச்சாலும் நான் திறக்கமாட்டேன். ஏதோ மதினி மதினின்னு காதுல விழுந்துச்சு, தலைய ஆட்டியிருப்பேன், அவ்வளவுதான். அதுக்காக என்கிட்ட சொன்னதா ஆகுமா? "யாரும் என்கிட்ட எதுவும் சொல்லலை. ஷோகேஸ்ல பாட்டுக் கேசட்டு ஒண்ணுகூட இல்ல. இருக்கிறதெல்லாம் என் பிரசங்கம். ஆண்டவர் மேல ஆணையா, உங்க கேசட்ட நான் தொடலை"ன்னேன். நான் பொய் சொல்றவ இல்லன்னு இவங்களுக்குத் தெரியும்.

ஆசீர் ஷோகேசப் பாத்தான். என் பிரசங்கக் கேசட்டு எல்லாம் வரிசையா, என் கையெழுத்துல பேரு எழுதி அடுக்கியிருந்துச்சு. ஒவ்வொண்ணாப் பாத்தான். கடைசிக் கேசட்ட எடுத்தான், திருப்பி முதுகப் பாத்தான், வச்சான். அப்புறம் என் முகத்தப் பாத்தான். எவ்வளவு நேரம் பாத்தாங்கிற! நானும் பாத்தேன். மனசாட்சி சுத்தமா இருக்கிறவ எதுக்குக் கண்ண இறக்கணும்? கடைசியில அவன்தான் தலையக் குனிஞ்சான். "விடுங்கண்ணே. நான்தான் எங்கயோ தொலைச்சிருக்கேன். மதினி மேல தப்பில்ல"ன்னான்.

பாத்தியா? அவன் வாயாலயே. குற்றமுள்ளவன்தான பிள்ள அப்படிச் சட்டுன்னு இறங்குவான்?

கிண்டிக்காரர் அந்தச் சாயங்காலத்தோட சரி, அப்புறம் இவங்க நாலஞ்சு தடவ நடந்தும் பாக்கல. திரும்ப முதல்லேருந்து எழுதணும்னா எவ்வளவு மாசமோ. எழுதியிருப்பாங்க. ரெண்டு பேரும் ஒத்துமையா இருந்திருந்தா எழுதியிருப்பாங்க. ஆனா எப்படி ஒத்துமை வரும்? அன்னைக்கு அவன் போனதும் நான் சொல்லிட்டேன், "வித்துட்டான். உங்க மூளைய எவன்கிட்டயோ வித்துட்டான். அவன் கேசட்டு சிக்கினதும் சும்மா நாடகம்"னு. இவங்க திரும்பி உட்காந்தாங்க. சுவத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நம்பினாங்களா நம்பலையா, எனக்கு இன்னைக்கும் தெரியாது. ஆனா அந்த மாசம் மாடி ரூமப் பூட்டிட்டாங்க.

நான் யார்கிட்டயும் போயி குறை சொல்லலை. அந்தப் பழக்கம் எனக்கு இல்ல. புதன்கிழமை பெண்கள் கூட்டத்துல ஜெபக்குறிப்பாத்தான் சொன்னேன். "கீபோர்டு வாசிக்கிற தம்பி ஆசீர் எங்க குடும்பத்துக்குச் செஞ்சத ஆண்டவர் அவருக்கு உணர்த்தணும், அவரு இருதயம் உடையணும், ஜெபிச்சுக்கோங்க." அவ்வளவுதான் சொன்னேன். கண்ணீரோட சொன்னேன். அம்மாமாரு எல்லாரும் பாரத்தோட ஜெபிச்சாங்க. வீட்டுக்குப் போயும் ஜெபிச்சாங்க. அடுத்த மாசம் சபையில வேற பையன வாசிக்க வச்சுட்டாங்க, அது கமிட்டி முடிவு, எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. உங்கம்மா வீட்டுல பொண்ணு கொடுக்கவே யோசிச்சாங்கன்னு கேள்விப்பட்டேன். அதுக்கு நான் என்ன செய்ய? விதைச்சத அறுக்கணும்ல.

அவன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசலை. அதத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்வேன். நிரபராதியா இருந்தா எழுந்து நின்னு பேசமாட்டானா? வாய மூடிக்கிட்டு சிங்கப்பூருக்குப் போயிட்டான். போறதுக்கு முன்னால எங்க வாசல்ல வந்து நின்னான். நான் கதவைத் திறக்கலை. "மதினி, போயிட்டு வரேன்"னு வெளிய நின்னு சொன்னான். நான் உள்ள முழங்கால்ல இருந்தேன்.

இவங்களும் அதுக்கப்புறம் பழைய ஆள் இல்ல. ஆனா உங்கப்பாவ ஒரு நாளும் விட்டுக்கொடுக்கலை, அதத்தான் என்னால தாங்க முடியலை. "அவன் எடுக்கலை, லில்லி"ம்பாங்க. "பின்ன யாரு எடுத்தா?"ம்பேன். பேப்பர விரிச்சு முகத்த மறைச்சுக்குவாங்க. சாகுற வரைக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லலை. ஆஸ்பத்திரியில கடைசியா என் கையப் பிடிச்சுக்கிட்டு, "ஆசீர் வந்தா உள்ள விடு"ன்னாங்க. மன்னிக்கிற குணம். பரிசுத்தவான் பிள்ள, பரிசுத்தவான். எனக்கு அவ்வளவு கிருபை இல்ல.

ஆனா எனக்கு ஆறுதல் எதுன்னா அந்தப் பிரசங்கம்தான். மனசு கனக்கும்போதெல்லாம் போட்டுக் கேப்பேன். ஆசீர் போனதுக்கு அப்புறம் ஒருநாள் துணி தேய்ச்சுக்கிட்டே கேட்டுட்டு இருந்தேன். இவங்க வந்தாங்க. முடியுற வரைக்கும் நின்னாங்க. முடிஞ்சதும் கேசட்ட வெளிய எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, ஓட்டையில இருந்த பேப்பர விரலால தடவினாங்க. "என்னங்க?"ன்னேன். "ஒண்ணுமில்ல. நல்ல பிரசங்கம்"னாங்க. குரலு ஒரு மாதிரி இருந்துச்சு. ஆவியானவர் தொட்டிருக்காருன்னு நினைச்சேன். அன்னைக்கே போயி தபால் ஆபீசுலேருந்து சிங்கப்பூருக்கு டிரங்க்கால் போட்டு ஆசீர்கிட்ட பேசியிருக்காங்க. என்ன பேசினாங்கன்னு கேட்டேன். சொல்லலை.

அதுலேருந்து ஒரு வழக்கம் இவங்களுக்கு. நான் அந்தக் கேசட்டப் போட்டா, இவங்க எங்க இருந்தாலும், பாத்ரூம்ல இருந்தாலும், பிரதர் ஆமென்னு சொன்னதும் ஓடி வந்து நிறுத்திடுவாங்க. டக்குனு. ஒரு நொடி விடமாட்டாங்க. "ஆமென் சொல்லியாச்சு, போதும். வெறும் டேப்பு எதுக்கு ஓடணும், கரண்ட் மிச்சம்"ம்பாங்க. ஒரு தடவ சோப்பு நுரையோட ஓடி வந்தாங்க. நான் சிரிச்சுட்டேன். மத்த கேசட்டுக்கு எல்லாம் வரமாட்டாங்க, இதுக்கு மட்டும் வருவாங்க. அந்த வார்த்தைக்கு அவ்வளவு மரியாதை.

அது சரி, உன் பையில இருக்கிறது டேப் ரெக்கார்டரா? இதெல்லாம் இன்னும் கிடைக்குதா? பெட்டிக்கு உயிர் இருக்கான்னு பாக்க அப்பா கொடுத்துவிட்டாரா? பாரு, நல்லாப் பாரு. பிளக் அந்த மூலையில இருக்கு. ஐயோ, லைட்டு எரியுதே! சிவப்பு லைட்டு! இத்தன வருஷத்துக்கு அப்புறம்! ஆண்டவரே. நிக்குது பாரு, கண்ணத் திறந்துட்டு.

பிள்ள, எனக்கு ஒரு உதவி செய்யி. என் டேப் ரெக்கார்டர் இவங்க போறதுக்கு முன்னாலேயே கெட்டுப்போச்சு. அந்தப் பிரசங்கத்தக் கேட்டு அவ்வளவு நாளாச்சு. உன் மெஷின்ல ஒருக்கா போடேன். நீயும் கேட்டா நல்லது. உங்கப்பாவப் பத்தி நான் ஏன் இப்படிப் பேசுறேன்னு உனக்கே விளங்கும். இந்தா, இதான். பத்திரம். பாத்தியா, நான் திணிச்ச பேப்பரு, இன்னும் அப்படியே இருக்கு.

ஏன் யோசிக்க? வேண்டாம்னா? எதுக்கு வேண்டாம்? பிரசங்கம்தான பிள்ள, பாம்பா? போடு. கடைசிக்கு ஓட்டிப் போடு, முடிவுதான் நல்லாருக்கும்.

கேளு... கேளு. எப்படிப் பேசுறாரு பாரு. "தட்டுல கை போட்டவன்"ங்கிறாரு பாரு. எனக்கு இன்னைக்கும் உடம்பு சிலிர்க்குது. இப்ப ஜெபம் பண்ணுவாரு. கண்ண மூடிக்கோ.

ஆமென்.

இவங்க இருந்தா இந்நேரம் ஓடி வந்திருப்பாங்க.

என்னது இது? இரைச்சல். இதுதான், நான் சொன்னேன்ல, இதே இரைச்சல்தான், முதல்ல இதுதான் இருந்துச்சு. மீதி அழியாம இருக்கு போல. நிறுத்து, காது கூசுது. எதுக்கு வயர எடுக்க? பெட்டிக்கு எதுக்கு மாட்டுற? அது பிரசங்கக் கேசட்டு பிள்ள, உங்க...

சத்தம் நின்னுட்டு.

விளக்கு சிமிட்டுது.

ஹெப்சி. விளக்கு ஏன் சிமிட்டுது?

இல்ல, நீ சொல்லாத. சொல்லாத. எனக்குத் தெரியும், நான் பாத்திருக்கேன். வாசல்ல நின்னு பாத்திருக்கேன். இப்படித்தான் சிமிட்டும். சத்தமே இல்லாம, இப்படித்தான்.

கரண்ட் மிச்சம்னாங்களே. சோப்பு நுரையோட ஓடி வந்தாங்களே. நான் சிரிச்சேனே.

அவன் திருப்பிப் பாத்தான். அன்னைக்கே பாத்தான். மதினி மேல தப்பில்லன்னான். இவங்களும் பாத்தாங்க. ரெண்டு பேருக்கும் தெரியும். என் வீட்டுக்காரங்க, என் கட்டில்ல படுத்துக்கிட்டு, தினமும் நான் அவன் பேரச் சொல்லி அழுது ஜெபிக்கிறத பக்கத்துல படுத்துக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. ஒரு வார்த்த சொல்லலையே. ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன உடைஞ்சா போயிருப்பேன்? இப்படியா பிள்ள ஒருத்திய விட்டு வைக்கிறது?

உனக்கும் தெரியுமா? நீயும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் அந்தக் காப்பியக் குடிச்சியா?

சரி. சரி, அழாத. நீ எதுக்கு அழற.

கீழ போ. போயி அப்பாவ வரச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத... இல்ல, சொல்லு. மதினி கூப்பிடுறான்னு சொல்லு. படி செங்குத்தா இருக்கும், கம்பியப் பிடிச்சுக்கிட்டு மெதுவா ஏறட்டும். குழம்பு ஒண்ணும் இல்லன்னு சொல்லு. நான் ஏதாவது வைக்கிறேன்.

அத நிறுத்தாத பிள்ள. அவன் வர்ற வரைக்கும் ஓடட்டும்.